பதினெட்டாம் வசனம்

"வாயைத் திறங்கப்பா. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்."

சின்னவள் பஞ்சை நனைத்துப் பிழிந்து அப்பாவின் வாய்க்குள் விட்டாள். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. நனைந்து காய்ந்த இரண்டு தாள்களைப் பிரிப்பதுபோல அதை மெல்ல மெல்லத்தான் பிரிக்க முடிந்தது. குடிக்க ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, நேரே நுரையீரலுக்குப் போய்விடும் என்று காலையில் வந்த நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மருந்துக்கடையில் பதினேழு வருஷம் நின்றவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பெற்றவர் தண்ணீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தால் மனசு கேட்குமா?

நாக்கு விடுபட்டதும் அவர் தண்ணீர் கேட்கவில்லை.

"பதினஞ்சு," என்றார்.

திரும்பிப் பார்க்காமலேயே அவர் எதைப் பார்க்கிறார் என்று சின்னவளுக்குத் தெரிந்தது.

கட்டிலை உள்ளறையிலிருந்து முன்னறைக்கு இழுத்துப் போட்டது அண்ணன் பெரியவன் செய்த வேலை. காற்று வரும், நர்ஸ் வந்துபோக வசதி என்றான். எல்லாம் சரி, எதிர்ச் சுவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா? அங்கேதான் அந்த அட்டவணை தொங்கியது. ஆளுயரத் தாள். நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. இடது பக்கம் சிவப்பு மையில், வேதத்தில் உள்ள பழைய எபிரேயப் பாட்டுகளான சங்கீதங்கள் சொன்னது. வலது பக்கம் நீல மையில் அது மேசியாவுக்குச் சிலுவையில் எப்படி நடந்தது என்பது. மேலே பெரிய எழுத்தில் 'இருபத்திரண்டாம் சங்கீதம்'. பதினைந்தாம் வசனத்துக்கு நேரே, மேல்வாயில் ஒட்டிய நாக்கு.

அப்பாவுக்குப் பிழைப்பு தபால் ஆபீஸில். வருகிற கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குவார். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு சபையில் வேத வகுப்பு. நாற்பது வருஷம். ஊர் வைத்த பெயர் சங்கீத வாத்தியார். அந்தப் பெயரை நம்பி, மகளுக்குப் பாட்டுக் கற்றுத்தர வேண்டும் என்று ஒரு அம்மாள் வந்துவிட்டாள். மனிதர் அசந்தாரா? இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் இருபத்திரண்டாம் சங்கீதத்தை விளக்கித்தான் அனுப்பினார். அதன்பிறகு அவர்கள் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

அவருடைய வாதம் ஒரே வாதம்தான். "தாவீது ராஜா எழுதினான், சரி. ஆனா அவன் கையை யாரு துளைச்சா? அவன் துணிக்கு யாரு சீட்டுப் போட்டா? கிழவனாகி, கம்பளியைப் போத்திக்கிட்டுப் படுக்கையில செத்தான். அப்ப அது அவனுக்கு நடந்ததில்ல. எழுதின கை அவனுது. விலாசம் வேற ஒருத்தருக்கு. ஒரே ஒருத்தருக்கு." தபால்காரப் புத்தி! விலாசம் தப்பினால் அவருக்குப் பொறுக்காது.

தெருமுனைக் கடிகாரக் கடைக்காரர் யூதர். "வாத்தியாரே, எங்க வீட்டுப் பாட்டைத் தூக்கிட்டுப் போய் எங்களுக்கே அர்த்தம் சொல்றீங்க பாருங்க, அந்தத் தைரியம் யாருக்கு வரும்?" என்று சிரிப்பார். "வலிக்கிறவன் எவனும் எடுத்துப் பாடலாம்னுதான் எங்க பெரியவங்க வச்சிருக்காங்க." அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பார். இம்மி நகர மாட்டார்.

"என்னப்பா பதினஞ்சு? ஜுரத்துல எல்லாருக்கும் வாய் காயத்தான் செய்யும்," என்றாள் சின்னவள்.

"காலைல அந்த நர்ஸ் பொண்ணு துணி மாத்திச்சே, அப்பப் பார்த்தேன். எலும்பு ஒண்ணு ஒண்ணா எண்ணலாம். அது பதினேழு."

"வயசானா எல்லாருக்கும்..."

"எல்லாருக்கும் நடக்கும்னா அப்புறம் அது என்னடி அடையாளம்?"

அவருக்குக் கோபமில்லை. பயம். அப்பா பயந்து அவள் பார்த்ததே இல்லை. கண்கள் அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. வசனம் வசனமாக ஏதோ ஒன்று கட்டிலை நோக்கி வந்துகொண்டிருந்தது, அது வருவது அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

"தாளைக் கழட்டிடட்டுமா?"

"வேணாம். கழட்டினா மட்டும் மறந்துடுமா?" மூச்சு வாங்கினார். அவள் கையைத் தேடிப் பிடித்தார். "சின்னு. பதினெட்டு மட்டும் வேணாம், அந்தத் துணியைப் பங்கு போட்டுச் சீட்டுப் போடறது. என் துணிமணிய யாரும் தொட வேணாம். உசிரு போனப்புறம் கொளுத்தினாலும் சரி, தூக்கிக் குடுத்தாலும் சரி. இருக்கறப்ப வேணாம். அதுவும் நடந்துச்சுன்னா, இந்தக் கிழவனுக்கே நடந்துச்சுன்னா, நாப்பது வருஷமா நான் நின்னு சொன்னது..."

"பாத்துக்கறேன்ப்பா."

சொல்லிவிட்டாள். சொல்லும்போதே உள்ளே ஒன்று கசந்தது.

அம்மா இதே கட்டிலில்தான் போனாள். ஆறு வருஷம் ஆகிறது. வயிற்றில் கட்டி. வலி தாங்காத ஒரு மத்தியானம், "சாமி, ஏன் சாமி என்னை விட்டுட்டீங்க, ராத்திரி பகலா கூப்பிடறேனே காதுல விழலையா" என்று அந்தச் சங்கீதத்தின் ஆரம்பத்தைத் தன் பேச்சிலேயே சொல்லி அலறினாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் பேசுகிற அதே நிதானத்தோடு, "அது உனக்கு வந்த கடிதம் இல்லம்மா. அடுத்தவங்க கடிதத்தை நாம பிரிக்கக் கூடாது. நீ இருபத்திமூணைச் சொல்லு, கர்த்தர் என் மேய்ப்பர்னு" என்றார். அம்மா அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்து செத்துப்போனாள்.

அதைச் சின்னவள் மன்னிக்கவில்லை. மூன்று வேளையும் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், துணி துவைத்துப் போட்டாள், ஆனால் மன்னிக்கவில்லை. ஒருநாள் நீங்களும் இதே கட்டிலில் கிடப்பீர்கள், அப்போது எந்த வார்த்தையைச் சொல்லிக் கத்துவீர்கள் பார்க்கலாம் என்று மனசுக்குள் கறுவியிருக்கிறாள். இப்போது கிடக்கிறார். கத்துவதற்கு ஒரு வார்த்தை இல்லாமல் கிடக்கிறார். அவள் வயிறு குளிர்ந்ததா என்றால், இல்லை.

அண்ணி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். நல்ல மனசுக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். "வெறும் தண்ணியில என்ன இருக்கு? எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொண்டாந்திருக்கேன். புளிப்புப் பட்டா நாக்கு விட்டுக்கும்."

பஞ்சு உதட்டில் பட்டதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அறுபத்தொம்பது," என்றார்.

"என்ன சொல்றார்?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நம்பர் சொல்றார்."

"பாவம். ஆபீஸ் ஞாபகம் போல," என்று அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அட்டவணையின் அடியில், வேறு சங்கீதங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த கட்டங்களில் ஒன்று அது. அறுபத்தொன்பதாம் சங்கீதம்: தாகத்துக்குக் கொடுத்த புளித்த காடி. சின்னவள் கிண்ணத்தை வாங்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினாள். சே, என்ன பைத்தியக்காரத்தனம், எலுமிச்சம்பழத்துக்கெல்லாமா பயப்படுவது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்று மணி வாக்கில் அப்பா கண்ணயர்ந்தார். மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வர வெகுநேரம் ஆனது. அவள் அடுப்படிக்குப் போய்ப் பஞ்சை அலசினாள். உள்ளறையில் பேச்சுக்குரல் கேட்டது. பெரியவனும், கடைசியாகப் பிறந்த தம்பியும். ஏதோ வழக்கமான உரசல் என்று விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. தாளைக் கிழிக்கும் சத்தம். பிறகு எவர்சில்வர் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு குலுக்கும் சத்தம்.

பஞ்சைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அந்தச் சத்தம் அந்த வீட்டில் வளர்ந்தவர்கள் யாருக்கும் மறக்காது. ஜன்னலோர இடம் யாருக்கு, கடைசி மிட்டாய் யாருக்கு, அம்மா பக்கத்தில் யார் படுப்பது, எந்தச் சண்டையானாலும் அப்பா இரண்டு தாளைச் சுருட்டி டம்ளரில் போட்டுக் குலுக்குவார். சீட்டு மடியில் விழும், தீர்ப்பு மேலேயிருந்து வரும் என்பார். விழுந்தது விழுந்ததுதான், அப்பீல் கிடையாது. மூன்று பேரும் தலைநரைத்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

பீரோ திறந்து கிடந்தது. சட்டைகளும் வேட்டிகளும் கட்டிலில் இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தன. தம்பி அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். கையில் பிரித்த சீட்டு.

"என்னடா பண்றீங்க?"

"கத்தாதே, அப்பா தூங்கறார்," என்றான் பெரியவன். "கடைசித் துணி எடுத்து இஸ்திரி போட்டு வைக்கணும்னு உங்க அண்ணிதான் பீரோவைத் திறந்தா. எடுத்த கையோட பிரிச்சுக்கிட்டோம். சட்டையெல்லாம் ஆளுக்குப் பாதி. கோட்டு ஒண்ணுதானே இருக்கு, ரெண்டு பேருக்கும் ஆசை. அதைக் கிழிச்சா பங்கு போட முடியும்? அதான்..."

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளுத்துவிட்டது. அவனும் அந்த அட்டவணைக்குக் கீழே உட்கார்ந்து பாடம் படித்தவன்தானே. தம்பி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனுக்கும் புரிந்தது. அவசர அவசரமாகக் கோட்டைக் கழற்றப் போனான். பித்தானில் விரல் நிற்கவில்லை.

"சின்னு."

முன்னறையிலிருந்து. தெளிவான குரல்.

போனாள். அப்பா விழித்திருந்தார். அட்டவணையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"யாருக்கு விழுந்துச்சு?"

முக்காலியில் மாத்திரை டப்பா இருந்தது. அதை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கி, இந்தச் சத்தம்ப்பா, கனவு கினவு கண்டீங்களா என்று சொன்னால் முடிந்துபோயிற்று. நம்புவார், நம்பத்தான் ஆசைப்படுவார். நாற்பது வருஷமாகச் சொன்னது நிலைக்கும். வாயை மூடிக்கொண்டு போய்ச் சேருவார், அம்மா போன மாதிரி. அவள் கை டப்பாவரை போயும்விட்டது. பயமாக இருந்தது அவளுக்கு. ஒரு மனுஷனின் மொத்த வாழ்க்கையையும் உடைக்கப் போகிறோமோ என்கிற பயம். உடைக்க ஆசைப்படுகிறோமோ என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"தம்பிக்குப்பா," என்றாள்.

அவர் கண்ணை மூடினார். போய்விட்டார் என்றே நினைத்தாள். வெகுநேரம் கழித்து மார்பு ஏறி இறங்கியது.

"அவனுக்குத் தோள் பொருந்தும்," என்றார். பெருமூச்சுக்கும் அழுகைக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் இல்லை. அதற்குக்கூட உடம்பில் ஈரம் மிஞ்சவில்லை. "அப்ப அவ... உங்கம்மா... அவ வாயிலருந்து அந்த வார்த்தையப் பிடுங்கிட்டேனேடி."

இல்லப்பா என்று சொல்ல வேண்டிய இடம். ஆறு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது தொண்டைக்கு வந்தது.

"ஆமாப்பா," என்றாள். "பிடுங்கிட்டீங்க."

அவர் தலையசைத்தார். விலாசம் தப்பாகப் போன கடிதத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி, ஒரே ஒரு தரம். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது அழுகை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"வாசிக்கட்டுமாப்பா? இருபத்திரண்டு."

"அது அவருக்கு வந்ததும்மா."

"அவருக்குத்தான் வந்துச்சு. யாரு இல்லேன்னா? அவர் சிலுவையில கவரைக் கிழிச்சு, வாய்விட்டுப் படிச்சுட்டு, அப்படியே விரிச்சு வச்சுட்டுப் போயிருக்கார். நாமளும் படிக்கணும்னு இல்லாமயா?"

அப்பா யோசித்தார். சாகக் கிடக்கும்போதும் யோசித்துத்தான் ஒத்துக்கொள்வார், அவர் அப்படி. பிறகு உதடு அசைந்தது.

"நிறுத்தி வாசி. ஓடாதே."

வேதத்தை எடுத்துப் பிரித்தாள். முதல் வரியின் 'ஏன்' வந்தபோது அவர் வாயும் கூடவே திறந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. நிறுத்தி, பஞ்சால் நனைத்துவிட்டு, மறுபடியும் ஆரம்பித்தாள். இந்த முறை அவர் அவளுடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். புத்தகத்தில் உள்ளபடி அல்ல, அம்மா சொன்ன மாதிரி, "ஏன் சாமி."

அண்ணன் உள்ளறை வாசலில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் தம்பி, ஒரு கையில் மட்டும் கோட்டு மாட்டியபடி. மெழுகாய் உருகும் இருதயமும், நாக்கும், எலும்பும் வந்தன. பதினெட்டாம் வசனம் வந்தபோது அவள் குரல் தட்டியது. ஆனாலும் விடாமல் வாசித்தாள். அவளுடைய கட்டைவிரலைப் பிடித்திருந்த அவர் பிடி எந்த இடத்தில் தளர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாள். அந்தச் சங்கீதம் பாதியில் திரும்புகிறது. சாமி கேட்டார், கேட்டுவிட்டார் என்று நன்றி சொல்லப் போகிறது. அதுவரைக்குமாவது போய்ச் சேர வேண்டும். வரி வரியாக, நிறுத்தி நிறுத்தி, கடைசி வார்த்தை வரைக்கும் வாசித்தாள்.

நிமிர்ந்தபோது கட்டிலின் கால்மாட்டில் நாலு மணி ஊசிக்கு வந்த நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. மருந்தை ஏற்றித் தயாராகப் பிடித்திருந்த ஊசியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் அதன் மூடியைத் திரும்பப் போட்டாள்.