வலது முழங்கால் நடத்திய கல்யாணம்

விடிகாலை ஐந்து மணிக்கு அவருடைய வலது முழங்காலில் ஒரு வலி எழுந்துவிடும். அது அவருடைய வலி அல்ல, செத்துப்போன மனைவியுடையது. கட்டட வேலையில் இருபத்திரண்டு வருடம் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறியவள் அவள். ஆளை அடக்கம் செய்துவிட்டு வந்தபோது வலி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது. முதல் வாரம் பூனை நொண்டியது. பிறகு, கிடங்கில் சிமெண்ட் மூட்டை இறக்கும் கணவரின் காலில் வலி குடியேறியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "மூட்டு இருபது வயசுப் பையனுது மாதிரி இருக்கு. வலி உங்களுது இல்ல, வேற யாரையாவது கேளுங்க" என்று அனுப்பிவிட்டார். "இருந்தப்பவே அவ சும்மா இருக்க மாட்டா" என்றாள் எதிர்வீட்டுத் தையற்காரி. அதற்குமேல் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் ஏதாவது வேலை முடிக்காமல் கிடந்தால் சுருக்கென்று குத்தும், முடித்தால் அடங்கும். அடுப்பை அணைக்காமல் கிளம்பினால் தெருமுனையிலேயே ஆளை உட்கார வைத்துவிடும். மூன்று வருடமாக அவர் தைலம் தேய்க்கவில்லை, மாத்திரை போடவில்லை. போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எடுத்துச் செய்ய வீட்டில் வயதில் மூத்த பெண்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் மகள், கல்யாணங்களை நடத்திக் கொடுக்கும் ஓர் அம்மாளை அழைத்து வந்தாள். அந்த அம்மாள் மூன்று வழி சொன்னார். எல்லாவற்றையும் தாங்களே பார்ப்பது ஒன்று. மண்டபத்துக்கும் சமையலுக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பதோடு விலகிக்கொள்வது இன்னொன்று. கல்யாணத்தன்று மட்டும் வந்து நடத்திக் கொடுப்பது மூன்றாவது. அப்பாவுக்குத் தெரிந்தது கட்டட வேலைதான். "அதாவது மொத்தக் காண்ட்ராக்ட், ஆள் பிடிச்சுக் குடுக்கிற புரோக்கர், நாள்கூலி" என்றார்.

"அப்படியே வச்சுக்குங்க. மொத்தமா குடுத்துட்டா நீங்க ஒரு துரும்பக்கூட நகர்த்த வேண்டாம். விருந்தாளி மாதிரி வந்து உட்காருங்க."

இதைக் கேட்டதும் முழங்கால் லேசானது. வலி இறங்கித் தரையோடு நகர்ந்து வாசற்படியில் போய் நின்றது. படிக்கல் முனகியது மூவருக்கும் கேட்டது. இங்கே இனி வேலையில்லை என்றால் அவள் கிளம்பிவிடுவாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "நாள்கூலி போதும்" என்றார் அவசரமாக. வலி திரும்பி வந்து காலில் ஏறிக்கொண்டது.

"நாலு மாசம் இந்தக் காலை வச்சுக்கிட்டு எத்தனை படி ஏறுவீங்க? அம்மாவும் கொஞ்சம் ஓய்வா இருக்கட்டுமேப்பா" என்றாள் மகள், அந்த அம்மாள் போனபின்.

"கல்யாணம் முடியட்டும்மா."

"முடிஞ்சா?"

அவர் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனார்.

நான்கு மாதமும் நொண்டிக்கொண்டே அலைந்தார். குத்திய மண்டபத்தை விட்டு, குத்தாத மண்டபத்தைப் பிடித்தார். பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெரியப்பா பெயர் விட்டுப்போனதை அச்சகத்திலேயே பிடித்துக் கொடுத்தது முழங்கால்தான். சமையல்காரர் முந்நூறு பேர் என்றபோது குத்தியது, நானூறு என்றதும் விட்டது. சொந்தக்காரர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

கல்யாணத்தன்று அந்த அம்மாள் இரண்டு ஆட்களோடு வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு குறை இல்லை. அப்பா முன்வரிசை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மகள் புறப்படும்போது, காரில் ஏறக் காலைத் தூக்கியவள் சட்டென்று வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் எழுந்து நடந்து வந்தார். நொண்டவில்லை. மகள் போவது ஏழு பேர் இருக்கும் வீடு, அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. தனியாள் வீட்டில் அவள் அம்மாவுக்கு என்ன வேலை இருக்கிறது.

ஞாயிறுதோறும் போனில், "எப்படி இருக்கா?" என்று கேட்பார்.

"அம்மா அஞ்சு மணிக்கெல்லாம் எழுப்பி விட்டுடுறாங்கப்பா. அத்தை தைலம் வாங்கிக் குடுத்திருக்காங்க."

வேண்டாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "தேச்சுக்கோம்மா" என்பார்.

அவள் உயிரோடிருந்த காலத்தில், வேலை விட்டு வந்து, "கொஞ்சம் காலைப் பிடிச்சு விடுங்க" என்பாள். மூட்டை இறக்கிய அலுப்பில் அவர், "நாளைக்கு" என்பார். ஒருநாள்கூடப் பிடித்துவிட்டதில்லை. அந்தக் கடன் அப்படியேதான் இருக்கிறது.