நவமணி ஏறிய மேடு

"புலி புடிக்கப் போறீங்களாம்மா? அறுபது வயசுல எதுக்கு இந்தக் காட்டு ஜீப்பு?"

"புலி எதுக்குடா புடிக்கணும்? உன்ன முப்பது வருஷமா புடிச்சு மேய்ச்சுகிட்டு இருக்கேனே, அது பத்தாதா?"

மூன்றாவது மாடியிலிருந்து வந்த இந்தச் சத்தம், மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் கேட்டது. சரியாகக் கேட்காதவர்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

நவமணி அக்கா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து அண்மையில் ஓய்வு பெற்றவர். வேலைக்குப் போன காலமெல்லாம் தொழிற்சாலை பஸ்தான். ஓய்வுக்குக் கொஞ்சம் முன்னால் கார் ஓட்டப் பழகினார். இப்போது சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் சொந்தமாக ஒரு கார் வாங்கக் கிளம்பிவிட்டார். என்ன கார் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. மகன் குகன் மின்சார எஸ்யூவி என்றான். அக்கா, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுகிற, மேடு பள்ளமெல்லாம் ஏறுகிற ஹைபிரிட் ஜீப் என்றார்.

"மின்சாரக் காடின்னா சத்தமே இல்ல, புகையும் இல்ல. உங்களுக்கு ஏத்தது லா."

"சார்ஜ் எங்கடா பண்றது?"

"சமையல்கட்டுலேர்ந்து ஒரு வயர் விட்டாப் போச்சு."

"மூணாவது மாடிலேர்ந்து வயரத் தொங்கவிட்டு, கீழ நிக்கிற காடிக்கு டிரிப்ஸ் ஏத்தப் போறியா?"

பக்கத்து வீட்டு ரோஹானா இதைக் கேட்டு உரக்கச் சிரித்தார். அவரும் அதே தொழிற்சாலை, அதே பஸ்; கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அவர் எந்தக் கட்சி என்று நான் சொல்லத் தேவையில்லை.

குகனின் அவசரத்துக்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் சாந்தினி என்ற பெண்ணோடு அவனுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மின்சாரக் கார் வரப் போகிறது என்று பெண் வீட்டில் ஏற்கெனவே அளந்துவிட்டான். இதை எனக்கு யார் சொன்னது என்று மட்டும் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை விற்பனையாளர் ஹஸ்ருல், ஓட்டிப் பார்ப்பதற்காக மின்சாரக் காரைக் கொண்டுவந்தான். அழகில் குறை சொல்ல முடியாது. வெள்ளை நிறம், உள்ளே தொலைக்காட்சி போல ஒரு திரை. பூனை மாதிரி வந்து நின்றது. அம்மாவுக்கு ஏற்ற காரின் இருக்கையைக் குகன் முதலில் தன் கால் நீளத்துக்குத் தள்ளிவைத்துக்கொண்டான். ஒரு சுற்று போய்வந்து, இடமில்லாததால் வேலுவின் வேனுக்குக் குறுக்கே நிறுத்தினான். ஹஸ்ருலை காப்பி குடிக்க மேலே அழைத்துப் போனான்.

எங்கள் குடியிருப்பில் வீடுகள் அதிகம், நிறுத்துமிடம் குறைவு. அதனால் குறுக்கே நிறுத்துவது குற்றமில்லை. ஆனால் கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை விடுவித்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதைத் தள்ளிவிட்டுத் தன் வண்டியை எடுப்பார். விடியற்காலையில் பஸ்ஸுக்கு ஓடும் நவமணியை, "அக்கா, ஒரு கை குடுங்க" என்று கூப்பிடாதவர் இங்கே யாரும் இல்லை. சொந்தமாக ஒரு கார் இல்லாமலேயே எல்லார் காரையும் தள்ளிய கை அவருடையது.

அன்று, மாலை கட்டும் வேலு கல்யாண மாலைகளோடு அவசரமாக இறங்கி வந்தார். பழக்கத்தில் வெள்ளைக் காரைத் தள்ளினார். நகரவில்லை. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளினார். நிறுத்தியதும் சக்கரங்களைத் தானே பூட்டிக்கொள்ளும் கார் அது; யாருக்குத் தெரியும்? நகர்வதற்குப் பதிலாக அது கத்த ஆரம்பித்தது.

"டேய் குகா! ஒன் காடி ஒப்பாரி வைக்குது, எறங்கி வாடா! அங்க மாப்பிள்ளை கழுத்து காலியா நிக்கிறாரு!"

லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை. குகன் படிகளில் இறங்கி வருவதற்குள் எல்லா மாடியிலும் தலைகள் முளைத்துவிட்டன. நவமணி வாய்விட்டுச் சிரித்தார். குகனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நீங்க கேக்குற ஜீப்பும் இப்படித்தாம்மா பூட்டிக்கும்! அதையும் தள்ள முடியாது!"

"அத ஏன்டா தள்ளணும்? நான் ஏன் குறுக்க நிறுத்துறேன்?" அக்கா கட்டடத்தின் பின்பக்கம் கையைக் காட்டினார். "தோ, அங்க நிறுத்துவேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பிறகு எல்லாரும் சிரித்தோம். அது ஒரு மண்மேடு. கூடுதல் நிறுத்துமிடம் என்று நிர்வாகக் குழு பலகை வைத்தது; கல் கொட்டுவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. முன்னால் உயரமான கரைக்கல், அதைத் தாண்டினால் சேறு. ஒரு லாரி ஏறப் போய்ப் புதைந்ததிலிருந்து பூனைகள் மட்டுமே அங்கே போகின்றன.

"ஏத்திக் காட்டுங்க பாப்போம்," என்றான் குகன். "ஏத்திட்டா ஜீப்பே வாங்கிக்குங்க, நான் வாயத் தொறக்கல. ஏத்தலன்னா நான் சொல்ற காடிதான்."

"என் காசுக்கு நீ பந்தயம் கட்டுறியா? சரி லா. நாளைக்கே."

ஞாயிறு காலையில் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. மேடு குழம்பிக் கிடந்தது. ஹஸ்ருல் ஆரஞ்சு நிற ஜீப்பைக் கொண்டுவந்தான். முதுகில் உதிரிச் சக்கரம், ஏறி உட்காரவே ஒரு படி. மேட்டைப் பார்த்ததும், அக்காவை "மாக்சிக்" என்று மலாயில் அத்தை முறை சொல்லி, வேண்டாம் என்று கெஞ்சினான். சேற்றையெல்லாம் தான் கழுவித் தருவதாக ரோஹானா சத்தியம் செய்த பிறகே சாவி கை மாறியது. மின்சாரக் காரைப் பார்க்கலாம் என்று பாலம் தாண்டி வந்திருந்த சாந்தினியும் ஓரமாக நின்றாள்.

நவமணி ஓட்டுநர் இருக்கையில், பக்கத்தில் ஹஸ்ருல், பின்னால் ரோஹானா. முன்சக்கரங்கள் கரைக்கல்லில் ஏறின. பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழன்று, வாரிய சேற்றை அப்படியே குகனின் சட்டையில் அப்பின.

"போதும்மா! எறங்குங்க! மானம் போகுது!"

"அத்தே, விடாதீங்க! இன்னொரு தடவ!" என்று கத்தினாள் சாந்தினி.

"நீ யாரு பக்கம்?" என்றான் குகன்.

"ஏறுற பக்கம்."

அக்கா ஜீப்பைப் பின்னால் எடுத்தார். பாதைக்கு ஏற்ப ஓட்டத்தை மாற்றும் குமிழை ஹஸ்ருல் காட்ட, அதைச் சேற்றின் படம் போட்ட இடத்துக்குத் திருப்பினார். இம்முறை ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை. கோலம் போடுகிற நிதானத்தோடு அழுத்தினார். ஜீப் உறுமி, ஒருபக்கம் சாய்ந்தது. உள்ளே ரோஹானா, "யா அல்லாஹ்!" என்றார். முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. பின்சக்கரங்கள் கல்லைக் கவ்வின. அடுத்த நொடி முழு வண்டியும் மேட்டின் மேலே நின்றது. நின்றதோடு விட்டாரா? சேற்றில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி, மரத்தடி நிழலில் பின்பக்கமாக நேராக நிறுத்தி, ஹார்னை நீளமாக அடித்தார்.

ஆறு மாடியும் கைதட்டியது. முதல் விசில் வேலுவுடையது. அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"வேலு! இனிமே குறுக்க நிக்கிற காடிய நீயே தள்ளிக்க!"

அன்று மத்தியானமே கையெழுத்துப் போட்டார். நிறம் மாற்ற வேண்டுமா என்று ஹஸ்ருல் கேட்டதற்கு, "இதே ஆரஞ்சு. தூரத்துலேர்ந்தே தெரியணும்" என்றாராம். குகன் சொன்ன சொல் மாறவில்லை, வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஜீப் வந்த முதல் வாரமே, ஓட்டிப் பார்க்கக் கேட்டுக் கெஞ்சினான். இருக்கையை நகர்த்தக் கூடாது என்ற நிபந்தனையோடு கிடைத்தது.

ஆவணியில் குகனுக்கும் சாந்தினிக்கும் கல்யாணம் நடந்தது. சிம்பாங் அம்பாட்டில் தரைவீடு வாங்கிக் குடிபோனார்கள். வாசலிலேயே சார்ஜ் போட வசதி இருப்பதால் அங்கே ஒரு மின்சாரக் கார் நிற்கிறது. பெரும்பாலும் ஓட்டுவது சாந்தினிதான்.

நவமணியும் ரோஹானாவும் ஜீப்பில் முதலில் போனது பாலிக் பூலாவ் மலையில் உள்ள ஒரு டுரியான் பழத் தோட்டத்துக்கு. தோட்டத்தின் சொந்தக்காரர் அப்துல் ஹமீது, நாசி கண்டார் சோற்றுக் கடையும் வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். டுரியான் பருவத்தில் வாராவாரம் போனார்கள். பருவம் முடிந்த பிறகும் போனார்கள். அங்கேதான் எங்களுக்குச் சந்தேகம் தட்டியது. நோன்புப் பெருநாள் கழிந்து ரோஹானா அவரை நிக்காஹ் செய்துகொண்டு பாலிக் பூலாவுக்கே போய்விட்டார். இத்தனைக்கும் டுரியான் வாடையே தனக்கு ஆகாது என்று இருபது வருடங்களாக எங்களிடம் மூக்கைப் பொத்திக்காட்டியவர் அவர்.