கதவுக்கு இந்தப் பக்கம்

மகனை மோதிக் கொன்ற ரொட்டி வேனின் டிரைவரை, தையற்காரர் ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்னால் எழுந்து நின்று மன்னித்தார். மறுநாள் காலையிலிருந்து அவர் வீட்டு வாசற்கதவு, அந்த டிரைவரை மனதார மன்னித்தால் மட்டுமே திறந்தது. தாழ்ப்பாளில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். தச்சர் வந்து கீல்களைக் கழற்றினார். கீலில்லாமலும் கதவு நின்ற இடத்தில் நின்றது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று சொல்லிவிட்டு, கூலி வாங்காமல் போய்விட்டார். அப்போது கடும் கோடை. தையற்காரர் கதவில் நெற்றியை வைத்து, "நேத்தே மன்னிச்சிட்டேனே ஆண்டவரே" என்றார். அசையவில்லை. வெகுநேரம் கழித்து, அவனைப் பெற்றவளும் எங்கோ உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள் என்ற நினைப்பில் அவர் கண் கலங்கியபோது, தள்ளாமலே திறந்துகொண்டது.

அதன்பின் வருடங்கள் அப்படியே போயின. சில நாள் பல் துலக்கி முடிப்பதற்குள் திறந்துவிடும். பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் மாதங்களில், மகன் அளவுக்கு ஒரு கால்சட்டையை வெட்டிவிட்டால், மறுநாள் மதியம் தாண்டும். மகனின் பிறந்தநாளன்று திறந்ததே இல்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல, "என்ன மாஸ்டர், மன்னிச்சாச்சா?" என்று தெருவில் கேட்கத் தொடங்கினார்கள். பாஸ்டர் ஒரு வருடம் முழுக்க அந்தக் கதவை வைத்தே பிரசங்கம் செய்தார். தன்னுடைய பேன்ட் தாமதமானபோது வேறு தையற்காரரிடம் கொடுத்துவிட்டார்.

மருந்துக்கடையில் வேலை பார்த்த அவர் மனைவி, முதல் வாரத்திலேயே சமையலறை ஜன்னலின் கம்பிகளை அறுக்கச் சொல்லிவிட்டாள். "நீங்க மன்னிங்க, உங்களுக்குத் திறக்கட்டும். எனக்கு ஜன்னல் போதும்" என்றாள். கதவு விரியத் திறந்து கிடந்த நாட்களிலும் அவள் அதன் வழியாகப் போகவில்லை. ஸ்டூலில் ஏறி, பையை முதலில் வெளியே போட்டுவிட்டு, பின்னால் குதிப்பாள். கோவிலில் அவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிப்பு பற்றிய வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள்.

சிறையிலிருந்து வந்த டிரைவர் ஒருநாள் காலை, கதவு இன்னும் திறக்காத வேளையில் வந்து தட்டினான்.

"அண்ணே, நான்தான். நீங்க என்னை மன்னிச்சிட்டீங்கன்னு உள்ள இருக்கும்போதே சொன்னாங்க. ஆனா எனக்கு மனசு ஆறல அண்ணே. அப்படியேதான் இருக்கு. உங்க முகத்தைப் பாத்து ஒருவாட்டி கேட்டுட்டா போதும்."

"இருப்பா, இதோ வர்றேன்" என்றார் தையற்காரர். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடமும் அவர் மன்னித்தது குரலில்லாத ஒருவனை. இவனுக்குக் குரல் இருந்தது. கரகரப்பான, வயதேறிய குரல். மகனுக்குக் குரல் உடையக்கூட இல்லை. அவர் மண்டியிட்டார், அழுதார், கதவைக் கையாலும் தோளாலும் இடித்தார். "ஜன்னலுக்கு வரச் சொல்லட்டுமா?" என்று மனைவி கேட்டதற்கு, "திறக்காம எந்த முகத்தோட அவனைப் பார்ப்பேன்?" என்றார். வெளியே அவன் நின்றுகொண்டே இருந்தான். வெயில் ஏறியது.

மதியம் அவள் ஜன்னல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். உள்ளே இருந்த தையற்காரருக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, நீங்களாவது..."

"நான் உன்னை மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். வெயில்ல நிக்கிறியே, அதான். குடி."

குடித்துவிட்டு, செம்பைப் படியில் வைத்தான். கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். ஆற்றங்கரையில் அவன் செருப்புகள் கிடந்ததாகச் சிலர் சொன்னார்கள். வெளியூரில் மூட்டை தூக்குகிறான் என்று சிலர். எது நிஜமென்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று அவள் ஜன்னல் வழியாகத் திரும்பி ஏறியதும், "குடிச்சானா?" என்று கேட்டார் தையற்காரர்.

"குடிச்சான்."

"நான் செய்ய வேண்டியதை நீ செஞ்சிட்ட."

"நான் ஒண்ணும் செய்யல. வெயில் அடிச்சுது."

அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவே இல்லை. தையற்காரரும் ஜன்னல் வழியாகப் போய்வரப் பழகினார். முட்டி வலிக்குமென்பதால் மனைவி முதலில் குதித்துக் கை கொடுப்பாள். தையல் மெஷின் சமையலறைக்கு மாறியது. வாடிக்கையாளர்கள் ஜன்னலருகே திரும்பி நின்று தோள் அளவு கொடுத்தார்கள். நகராட்சி ஆள் வீட்டு எண்ணை ஜன்னலுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போனார்.

புதிதாக மாற்றலாகி வந்த பாஸ்டர், மாஸ்டர் இன்னும் தினமும் கதவுக்கு முன்னால் போய் நிற்கிறாராமே என்று விசாரித்தார்.

"நிப்பார் ஐயா" என்றாள் அவள், அரிசியைக் களைந்தபடி. "அவர் நின்னு முடிக்கிறதுக்கும் இது வேகுறதுக்கும் சரியா இருக்கும்."