கல்லாப்பெட்டி அருகே ஒரு குளம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, ஆர்டர் எடுத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களே கண்டுபிடித்து வருத்தப்படக் கூடாது.

கல்லூரி மாணவர்களுக்குக் கைடு போட்டு விற்கும் சண்முகவேல் ஃபோன் செய்தார். சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஒரு தாள் இருக்கிறதாம். எந்தப் பட்டம் படித்தாலும் அதை எழுதியாக வேண்டுமாம், யாரும் படிப்பதில்லையாம்.

"நடுவுல ஒரு கதை போட்டா பசங்க புரட்டுவாங்க சார். உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பவை, ஆற்றல் ஓட்டம், தாங்குதிறன், வழிமுறை வளர்ச்சி, எல்லாம் வந்துடணும்."

"காதல்?"

"சிலபஸ்ல இல்லையே சார்."

நானும் கடைத்தெருவில் வளர்ந்தவன். சொன்ன சரக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இல்லை. வழிமுறை வளர்ச்சியைக் கழற்றிவிடலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் அதில் மட்டும் இறங்கி வரவில்லை.

"அது பத்து மார்க் கேள்வி சார். எப்படியாவது கடைசியில சொருகிடுங்க."

ஆகவே வாசகரே, கடைசியில் ஒன்று சொருகப்பட்டிருக்கும். கையைக் கவனமாக வையுங்கள்.

2

முதல் தொடக்கம்: பூமித்தாயின் பச்சை மடியில்

வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே படித்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: அடையாற்றுக் கழிமுகத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது ஒரு கொக்கு. அது

அது நின்றுகொண்டே இருக்கும். கொக்கை நம்பிக் கதையில் இறங்கினால் மத்தியானம் வரை ஒன்றும் நடக்காது.

மூன்றாம் தொடக்கம்: தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், ஜாக்கெட் லைனிங்கும் உள்பாவாடையும் விற்கும் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்த நல்லசிவத்தின் முன்னால், அவர் மகள் சிந்து ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னட்டி இது, ஊறுகாயா?"

"குளம்ப்பா."

இது போகும்.

3

நல்லசிவத்தின் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். வந்து எத்தனையோ வருடமாகியும் அவர் பேச்சு இன்னும் எழும்பூரில் இறங்கவில்லை. சிந்து பிறந்ததே இங்கேதான். அடையாறில் ஒரு கல்லூரியில் தாவரவியல் முடித்திருந்தாள். சூழலியல் மேற்படிப்புக்குப் புதுச்சேரியில் இடம் கிடைத்திருந்தது. அதைச் சொல்லத்தான் ஜாடியோடு வந்திருந்தாள். வெறுங்கையோடு வந்தால் அப்பா காது கொடுக்க மாட்டார், சரக்கைக் காட்டினால் கொஞ்சம் கேட்பார்.

மயிலாப்பூர்ச் சித்திரக்குளத்துத் தண்ணீர். அடியில் கொஞ்சம் சேறு. வேலம்பாசி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடிப் பூச்சிகள், இரண்டு நத்தை. மேலே இறுக்கமான மூடி.

"இதுக்கு யாரு தீனி போடுவா?"

"யாரும் போட வேண்டாம். வெளிச்சம் மட்டும் போதும். பாசி சமைக்கும், பூச்சியும் நத்தையும் சாப்பிடும், செத்ததைச் சேத்துல இருக்கிற கிருமிங்க உடைச்சுத் திரும்ப பாசிக்கே உரமாக் குடுத்துடும்."

"செத்த சரக்கையும் திருப்பி எடுத்துக்கிடுதானா? நல்ல மொத்த வியாபாரியா இருக்கானே."

(சண்முகவேல் கவனத்துக்கு: உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பவை, மூன்றும் டெலிவரி ஆகிவிட்டன.)

"ஆனா பாசியில இருக்கிற சக்தியில பத்துல ஒரு பங்குதான் அதைத் தின்னுற பூச்சிக்குப் போய்ச் சேரும்ப்பா. மிச்சமெல்லாம் சூடாப் போயிடும், வீணாப் போயிடும்."

நல்லசிவம் உண்மையிலேயே கவலைப்பட்டார். "பத்துல ஒண்ணா? அப்ப மேல போவப் போவ ஒண்ணுமில்லாமப் போயிருமே."

"அதான் காட்டுல புல்லு நிறைய இருக்கு, புலி கொஞ்சமா இருக்கு."

"சரி. இதெல்லாம் எதுக்கு எங்கிட்ட சொல்லுத?"

சொன்னாள். அவர் முகம் விலை கேட்ட முகமாக மாறியது. தை மாதம் கே.கே. நகரில் கிளை திறக்க இடம் பார்த்தாகிவிட்டது. அதன் கல்லாவில் சிந்துவைத்தான் மனத்தில் உட்காரவைத்திருந்தார். துணியைத் தொட்டே கலப்படம் சொல்லிவிடுகிற கை அவளுக்கு. அந்தக் கை சேறு அள்ளப் போகிறதா?

"கே.கே. நகர் கடைய யாரு பாத்துக்கிடுவா?"

"ஆள் போடுங்க."

"ஆள் போட்டா அது கடையா?"

சிந்து ஜாடியை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். அந்தக் கடைக்கு மூன்று படி. விலை படியாத எந்த வாடிக்கையாளரையும் நல்லசிவம் மூன்றாம் படியிலிருந்து தரையில் கால் வைக்க விட்டதில்லை, அதற்குள் கூப்பிட்டுவிடுவார். அவளும் அதைப் பார்த்து வளர்ந்தவள்தான். இரண்டாம் படியில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.

"ஏட்டி, நில்லு."

நின்றாள்.

"ஆடித் தள்ளுபடி போர்டு இறங்குத வரைக்கும் இந்தக் குளம் கடையிலயே இருக்கட்டும். நீ உள்ள எதையும் போடக் கூடாது, எடுக்கக் கூடாது. அதுல உசுரு இருந்தா நீ புதுச்சேரிக்குப் போ. செத்துப்போச்சுன்னா கே.கே. நகர்."

"உசுரு இருக்குன்னு யார் சொல்றது?"

"நாந்தான்."

"அநியாயம்ப்பா."

"நான் பொய் சொல்லி நீ பாத்திருக்கியா?"

"விலை சொல்றப்ப மட்டும்."

கடையில் துணி கிழிக்கும் அஃப்சருன்னிசா, கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பேரம் முடிந்தது.

4

இங்கே ஜாடிக்குள் நடந்ததை நான்கு பக்கம் வர்ணிக்கலாம் என்று இருந்தேன். வெயில் சாய்ந்து

வேண்டாம். சுருக்கமாக: நன்றாக இருந்தது. கடைதான் நன்றாக இல்லை. ஆடிக் கூட்டத்தில் மூச்சு முட்டியது. ஓர் இடம் எத்தனை உயிரைத் தாங்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, அதைத்தான் தாங்குதிறன் என்கிறோம் என்று சிந்து விளக்கியபோது, அஃப்சருன்னிசா இரண்டு அம்மாள்களின் முழங்கைகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினாள்.

"அத்த ஏன் பாப்பா ஜாடில தேடிக்கினு கீற? இங்க வந்து நில்லு, தெரியும்."*

ஒரு நாள் அவள்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னா பாப்பா இது, கண்ணாடில கஞ்சி ஒட்டிக்கினு கீது?"

சிந்து குனிந்து பார்த்தாள். ஜாடியின் உட்சுவரில், வெந்த ஜவ்வரிசி போல ஒரு சிறிய வழவழப்பு.

"நத்தை முட்டை அக்கா!"

"அப்பாகிட்ட சொல்லாத. இதுக்கும் வாடக கேப்பாரு."

சொல்லவில்லை. அந்த முட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சும்மா ஒட்டவைக்கவில்லை.

* செயல்வாழிடம், அதாவது ஒரே இடத்தில் ஒவ்வோர் உயிருக்கும் உள்ள தனிப் பிழைப்பு பற்றி நல்லசிவம் தாமாகவே சொன்னது: "பக்கத்துக் கடையில பட்டன். எதுத்த கடையில ஜிப்பு. நாம லைனிங். ஒருத்தன் சோத்துல ஒருத்தன் கை வைக்கதில்ல. அதான் சந்து ஓடுது." பாடப் புத்தகம் இதற்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறது.

5

வெள்ளிக்கிழமை காலை.

கல்லாவுக்கு வலப்பக்கம் ஒரு கண்ணாடித் தம்ளர், அதில் தண்ணீர், தண்ணீரில் ஓர் எலுமிச்சம்பழம். கண்ணேறு படாமலிருக்க. தி.நகரில் கல்லா இருக்கும் இடமெல்லாம் இது இருக்கும். வெள்ளிதோறும் பழைய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, புதுப் பழம் போட்டு, கண்ணாடிக்கு ஒரு குங்குமப் பொட்டு வைப்பார் நல்லசிவம். கடை திறந்த நாள் முதல் அவர் கை செய்யும் வேலை. தலைக்கு அதில் சம்பந்தமில்லை.

முந்தின நாள் கூட்டத்தில் அந்தத் தம்ளர் உடைந்திருந்தது. காலியான இடத்தில் வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்று சிந்து ஜாடியை நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பத்து மணிக்கு அவள் வந்தபோது ஜாடி பளபளவென்று இருந்தது. கேன் தண்ணீர். நடுவில் மஞ்சளாக ஒரு பழம். வெளியே குங்குமப் பொட்டு.

"அப்பா, என் குளம் எங்க?"

நல்லசிவம் சூரத்து மொத்த வியாபாரியோடு ஃபோனில், தமக்கே தெரிந்த இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஜாடியைப் பார்த்தார். தம் கையைப் பார்த்தார். ஃபோனை வைத்துவிட்டார்.

சாக்கடை ஓரத்தில் வேலம்பாசி ஒரு கொத்து, அதன்மேல் யாரோ மிதித்த செருப்பு அச்சு.

"பழக்கத்துல கை போயிருச்சுட்டி. ஃபோன் பேசிக்கிட்டே..."

"மூடி இருந்துச்சேப்பா. இறுக்கமா."

அவர் குங்குமம் ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்தார். பிறகு மெதுவாக, "புதுக் குளம் ஒண்ணு வாங்கித் தாரேன்" என்றார்.

"எந்தக் கடையில?"

6

இங்கே எனக்குப் பாத்திரத்தோடு சண்டை.

தம்ளருக்கு மூடி கிடையாது. கை பழக்கத்தில் கொட்டும், ஊற்றும், பொட்டு வைக்கும்; மூடியைத் திருகுமா? திருகும்போதாவது புத்தி விழிக்காதா?

[ஜாடிக்கு மூடிக்குப் பதில் மெல்லிய துணி, ரப்பர் பேண்டு என்று மாற்றிவிடலாமா? நல்லசிவம் தப்பித்துவிடுவார். கேட்டேன். "மூடின சூழல் தொகுதின்னுதான் சார் பாடத்துல இருக்கு" என்றார் சண்முகவேல். மூடி இருந்தே ஆக வேண்டும்.]

வேண்டுமென்றே செய்தார் என்று ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். அதில் அவர் மீசை முறுக்கினார். நல்லசிவத்துக்கு மீசையே கிடையாது. கிழித்துவிட்டேன். ஒன்றும் அறியாமல் செய்தார் என்று இன்னொன்று. அதில் அவர் அழுதார். அதைவிடப் பொய்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மகள் ஊரைவிட்டுப் போவதை விரும்பாத ஒரு கை, ஒரு மூடியைத் திறந்தது. கை எவ்வளவு யோசித்தது என்பது அவருக்கே தெரியாது. அதற்குப் பிறகு அவர் எந்த வெள்ளிக்கிழமையும் பழம் மாற்றவில்லை, தம்ளரும் வாங்கவில்லை.

7

சிந்து ஜாடியைத் தொடவில்லை. எதையும் போடக் கூடாது, எடுக்கக் கூடாது என்பது பேச்சு. பழம் மிதந்தபடியே இருக்க, அவளும் மூடியை மட்டும் இறுக்கிவிட்டு உள்பாவாடை விற்றாள். கே.கே. நகர் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் அஃப்சருன்னிசாவின் கண் சும்மா இருக்காது.

"பாப்பா. அந்தக் கஞ்சி அப்டியே கீது."

கொட்டின கை, சுவரைத் தேய்க்கவில்லை. வழவழப்பு ஒட்டியபடியே இருந்தது. அதைச் சுற்றிச் சுவரில் லேசாக ஒரு பச்சை படரத் தொடங்கியிருந்தது.*

* அழிந்த இடத்தில் மிஞ்சிப்போன விதை, வேர், முட்டை முதலியவற்றிலிருந்து உயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப வந்து சேர்வது இரண்டாம் நிலை வழிமுறை வளர்ச்சி. பத்து மார்க். சொருகிவிட்டேன் சார்.

போர்டு இறங்கிய சாயங்காலம். கூட்டம் வடிந்திருந்தது. நல்லசிவம் கல்லா டிராயரைத் திறந்து, துணியில் நூல் எண்ணும் சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்தார். வேறு யாரையும் அதைத் தொட விடுவதில்லை. சூரத்துச் சரக்கின் பொய்யெல்லாம் வெளியானது அதில்தான்.

"கொண்டா. பேசுனபடி பாத்துருவோம்."

ஜாடியின் ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பழத்தின் மேல் பூத்திருந்த பூஞ்சையைப் பார்த்து முகம் சுளித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். கண்ணாடி ஓரிடத்தில் நின்றது.

நின்றே இருந்தது. சூரத்து ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை.

அவர் பார்த்ததை நான் பார்த்தேன், அதனால் சொல்லலாம்: ஜவ்வரிசிக்குள் கடுகைவிடச் சிறிதாக ஒன்று, ஓட்டோடு, மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. சிந்து நின்ற இடத்திலிருந்து தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அப்பாவின் பிடரி மட்டும்.

அவர் நிமிர்ந்தார். மூடியைத் திருகினார். சுலபமாகத் திறக்கவில்லை, வேட்டி நுனியை வைத்துப் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தை அவரும் கவனித்தார், அவளும் கவனித்தாள். இரண்டு விரலை விட்டு எலுமிச்சம்பழத்தை வெளியே எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

சிந்து காத்திருந்து பார்த்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டாள். படி இறங்கினாள்.

முதல் படி.

8

"பாஸா, ஃபெயிலா? முடிவை எழுதுங்க சார்" என்கிறார் சண்முகவேல். "பின்னாடி விடை போடணும்."

முடிவு (அ): நல்லசிவம் கூப்பிடுகிறார். சிந்து புதுச்சேரி போகிறாள். கே.கே. நகரில் அஃப்சருன்னிசா கல்லாவில் உட்கார்ந்து எல்லாருக்கும் விலை ஏற்றுகிறாள்.

முடிவு (ஆ): கூப்பிடவில்லை. தாம் பார்த்ததைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். கடை பெருகுகிறது. வெள்ளிக்கிழமைகளில் அவர் கை மட்டும் எலுமிச்சம்பழம் எடுக்கத் தயங்குகிறது.

இரண்டையும் என்னால் எழுத முடியும். அதுதான் தொல்லை. நான் எழுதினால் அவர் நான் சொன்னதைச் சொல்வார். அவருக்கு அதில் பெருமையும் இல்லை, பழியும் இல்லை. என் விலையை நான் சொல்லியாகிவிட்டது. இனி உங்கள் வாய்தான்.

இரண்டாம் படி. வழக்கம்போல அவள் வேகத்தைக் குறைத்தாள் என்று எழுதக் கை போகிறது. இல்லை, குறைக்கவில்லை.

மூன்றாம் படி. கீழே தெரு. நல்லசிவம் வாயைத் திறக்கிறார். கையிலிருக்கும் பழத்திலிருந்து தண்ணீர் கல்லாமேல் சொட்டுகிறது. என்ன சொல்கிறார்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள் வாசகரே, அவள் காலைத் தூக்கிவிட்டாள்.