காலி அறைகளில் சாம்பல் சட்டைகள்

அத்திபெலேயில் கிளெமென்ட்டுக்கு வரிசையாக ஆறு அறைகள் இருந்தன. ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து. கார் கதவு செய்யும் தொழிற்சாலை மூன்று ஷிஃப்ட் ஓடியபோது ஓர் அறையில் ஆறு பேர் முறை வைத்துத் தூங்கினார்கள். பாயில் சூடு ஆறியதில்லை. போன ஆண்டு வெல்டிங் வரிசைக்கு ரோபோக்கள் வந்தன. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஷிஃப்ட் ஷிஃப்டாகக் குறைந்தார்கள். இப்போது ஐந்து அறைகள் பூட்டிக் கிடந்தன.

அதே தொழிற்சாலையில் நிரந்தர எலக்ட்ரீஷியனாக இருந்த கிளெமென்ட்டையும் அடுத்த மாதத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். அறைகள் நல்ல விலைக்குப் போனால்தான் மகள் ஜோவிதா நர்ஸிங் படிப்பை முடிப்பாள்.

ஞாயிறு பூசை முடிந்து அவன் வந்தபோது ஆறு வாசலிலும் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் அவனுடைய பழைய சாம்பல் நிற யூனிஃபார்ம். மனைவி மௌரீன் பீரோவைக் காலி செய்திருந்தாள்.

"ஆள் இருக்கற மாதிரி தெரியுதுல்ல?"

"அடிப்பாவி, இது பர்மனென்ட் சட்டை. கான்ட்ராக்ட் பசங்களுக்கு நீலம்."

"வாங்க வர்றவருக்கு அதெல்லாம் தெரியவா போவுது?"

"வர்றது சுந்தரமூர்த்தி அண்ணன். பதினெட்டு வருஷம் எங்க ஃபேக்டரி பிரஸ் ஷாப்புல இருந்தவரு."

அவன் கொடியில் கை வைப்பதற்குள் வண்டி வந்து நின்றது. சுந்தரமூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றாமலே சட்டைகளை நெடுகப் பார்த்தார்.

"என்ன கிளெமென்ட், பர்மனென்ட் ஆளுங்க இருபது பேர் இந்தப் பொந்துல தங்கறாங்களா? அத்தன பேருக்கும் ஒரே தொப்ப வேற."

மௌரீன் காபி போடப் பக்கத்தில் இருந்த தங்கள் வீட்டுக்குள் போனாள்.

"அஞ்சு ரூம் காலிதான் அண்ணா," என்றான் கிளெமென்ட்.

"தெரியும். விசாரிச்சிட்டுத்தான் வந்தேன். ரூமுக்கு விலை கெடையாது. மண்ணுக்கு மட்டும் தரேன்."

அவர் சொன்ன தொகை கிளெமென்ட் நினைத்திருந்ததில் பாதி. மௌரீன் காபியோடு வந்தாள்.

"வாடக வராத எடத்த வாங்கி என்ன அண்ணா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

காபி நன்றாக இருந்தது. அவருக்குப் பேச்சு வந்தது.

"சுவர ஒடச்சி மூணு மூணா சேத்தா ரெண்டு வீடும்மா. ரோபோவப் பாத்துக்க வந்த இன்ஜினியருங்க குடும்பத்தோட அலையறாங்க. இங்க ரெண்டு பெட்ரூம் வீடு எங்க இருக்கு? கேட்ட வாடகைய குடுக்கறாங்க. ஆறு ரூம்ல வந்தத ரெண்டே வீடு குடுத்துடும்."

சொல்லி முடித்த பிறகுதான் எதிரே இருந்த இரண்டு முகங்களையும் பார்த்தார்.

"அப்ப நாங்களே ஒடச்சிக்கறோமே அண்ணா," என்றாள் மௌரீன்.

"காபியக் குடிச்சிட்டு வாய மூடிக்கிட்டுப் போயிருக்கணும் நான்."

கிளெமென்ட் கணக்குப் போட்டான். அடுத்த மாதம் தொழிற்சாலை கணக்கு முடித்துத் தரும் பணத்தில் ஜோவிதாவின் இந்த வருடக் கட்டணம் போய்விடும். மிச்சம் சுவரை இடிக்கப் போதும். பூசி முடிக்கப் போதுமா, தெரியாது. இரண்டாவது அறையைத் திறந்து உள்ளே போய் மூன்றாவது அறைப் பக்கச் சுவரைத் தட்டினான்.

"அண்ணா, கூர இது மேலயா நிக்குது?"

சுந்தரமூர்த்தி முனகிக்கொண்டே எழுந்து வந்தார். அவரும் தட்டிப் பார்த்தார்.

"இது சும்மா தடுப்பு. ஒடச்சிக்கோ. அடுத்தத, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வர்றத மட்டும் தொடாத, மொத்தமும் உக்காந்துடும்."