சவியேயின் காலரில் மாட்டிய முள்

கோவில்பத்தில் ஃபிரெடெரிக் தன் பித்தளைத் தூண்டில் ரீலின் கைப்பிடியைச் சுற்றினால், மாதா கோயில் வீதியில் இருக்கும் சவியே சட்டைக் காலரோடு கிளம்பி, வீடுகளுக்கு மேலாகப் பறந்து, ஃபிரெடெரிக் வீட்டு வாசலில் வந்து இறங்குவார். தை மாதத்திலிருந்து காரைக்காலில் இப்படித்தான் நடந்துவந்தது. நடுவில் இழுக்கிற தூண்டில் நரம்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, டிக் டிக் என்ற சத்தம் மட்டும் கேட்கும். அது கேட்டதும் மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் கொடியைத் தாழ்த்திப் பிடித்து அவருக்கு வழிவிடுவார்கள். ஊரில் யாரும் இதற்காக ஆச்சரியப்பட்டதாக நினைவில்லை. எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டு பேரில் ஒருவர் மனது வைத்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் விஷயம் இது, இரண்டு பேருமே மனது வைக்கவில்லை.

இருவரும் பிரெஞ்சு ராணுவத்தில் ஒரே படைப்பிரிவில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள். இருவருக்கும் ஒரே பைத்தியம், பழைய தூண்டில் சாமான்கள். மரத்தில் செதுக்கிய பொய்மீன்கள், தகர டப்பாவில் அடுக்கிய முட்கள், வர்ணம் போன தக்கைகள், மூங்கில் கழிகள் என்று வாங்கி வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பார்கள். இருவரும் ஆயுளில் ஒரு கெண்டைகூடப் பிடித்ததில்லை. திருவேட்டக்குடியிலிருந்து மீன் கொண்டுவரும் அமுதம், சவியே வீட்டு அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம், கடலில் தொலைத்ததைத் தன் வீட்டுக்காரர் இங்கே வந்து தேடலாம் போலிருக்கிறது என்பாள். ஆண்டுதோறும் பொங்கல் கழிந்து கல்யாண மண்டபத்தில் நடக்கும் பழம்பொருள் சந்தைக்கு, கதவு திறக்கும் முன்பே இரண்டு பேரும் போய் நிற்பார்கள், ஒருவருக்கு ஒருவர் முகம் கொடுக்காமல்.

அந்தச் சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. பிடித்த பொருளை எடுத்து உடம்பில் வைத்துக்கொண்டால் அது விற்றதாக அர்த்தம். பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொண்டால் கை குலுக்க வேண்டும், குலுக்கிய கையைத் திரும்ப வாங்க முடியாது. இந்த வருடம் பழைய சாமான் வியாபாரி கபீர், இடித்த பிரெஞ்சுக்காலத்து வீடு ஒன்றின் பரணில் கிடைத்ததாகச் சொல்லி ஒரு ரீலும், அதில் சுற்றிய நரம்பும், நுனியில் முள்ளும் கொண்டுவந்து வைத்தார். அவர் விரித்த துணி நேராகுமுன் ஃபிரெடெரிக் ரீலை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், சவியே முள்ளை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார். கபீருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஒண்ணா கெடந்த சாமான் சார், பிரிக்காதீங்க. யாராவது ஒருத்தர் எடுத்துக்குங்க," என்று இருவரிடமும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார். கேட்கிற ஆட்களா. கடைசியில் கத்தரிக்கோலை வாங்கி நடுவில் இருந்த நரம்பை வெட்டினார். அது வெட்டுப்படவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். அன்று மாலை ஃபிரெடெரிக் ரீலுக்கு எண்ணெய் போட்டுச் சுற்றிப் பார்க்க, சாப்பிட்டுக்கொண்டிருந்த சவியே எச்சில் கையோடு அவர் வாசலில் வந்து இறங்கினார்.

முள்ளை ஃபிரெடெரிக் கையில் கொடுப்பதற்கென்றால் காலரிலிருந்து சுலபமாகக் கழன்று வந்தது. வேறு யார் இழுத்தாலும் வரவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டால் அடுத்த சட்டையின் காலரில் இருந்தது. ஆனால் சவியே கொடுக்கமாட்டார். ரீலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஃபிரெடெரிக்கும் அதையே திருப்பிச் சொன்னார். பங்குச்சாமியார் வந்து பேசினார், கபீரும் இரண்டு முறை வந்து பேசிவிட்டு, இனிமேல் சுவர்க்கடிகாரம் மட்டும்தான் விற்பேன் என்று போய்விட்டார். இதற்குள் ஃபிரெடெரிக்குக்கு ருசி கண்டுவிட்டது. சீட்டாட ஒரு கை குறைந்தாலும் சுற்றுவார், சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுற்றுவார். பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்ற சவியே ஜன்னல் வழியாகப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

சவியேயின் மனைவி ழுலியேத்துக்கு மட்டும் இது விளையாட்டாக இல்லை. மகள் லொரேன் பிரான்சில், தூலூஸ் நகரத்தில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். இதற்கு முன் ஒரு குழந்தை பிறந்து தங்காமல் போயிருந்தது. அப்போது சந்தை வருகிறது, முடிந்ததும் வருகிறேன் என்று சவியே ஊரிலேயே இருந்துவிட்டார். மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ழுலியேத் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. இந்த முறை லொரேனே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "அப்பாவையும் கூட்டிட்டு வாங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு."

சித்திரையில் இருவரும் காரில் சென்னைக்குக் கிளம்பினார்கள். திருவேட்டக்குடி தாண்டியதும் ஃபிரெடெரிக் வீட்டு ரீலில் நரம்பு தீர்ந்துவிட்டது. கார் போனது, சவியே பின் ஜன்னல் வழியாக வெளியே வந்து சாலைக்கு மேலே நின்றார். பக்கத்தில் பேச்சுக் குரல் நின்றதைக் கவனித்துத்தான் ழுலியேத் திரும்பிப் பார்த்தாள். வண்டியைத் திருப்பச் சொல்லி, கீழே நின்று அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த முள்ளக் குடுத்துத் தொலைங்களேன். பெத்த பொண்ணவிட அது பெருசா?"

"அதுக்கில்ல ழுலியேத். அவன்கிட்ட எப்படிக் குடுக்கிறது," என்றார் சவியே, மேலே நின்றபடியே.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு அவள் அழவில்லை. டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டு நேராகக் கோவில்பத்துக்குப் போனாள். ஃபிரெடெரிக் வரவேற்று உட்காரச் சொன்னார். "சவியேவுக்கு ரீலக் குடுக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிருக்கேன் தங்கச்சி. என்னைய ஒண்ணும் கேக்காத," என்றார்.

"எனக்குக் குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களாண்ணே?"

அவர் யோசித்தார். அப்படி ஒரு சத்தியம் இல்லை. ழுலியேத் இடுப்பிலிருந்து அலமாரிச் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சவியே சேர்த்த அத்தனையும், பொய்மீன், தக்கை, கழி, தகர டப்பா எல்லாமும் ஃபிரெடெரிக்குக்கு, ரீல் தனக்கு என்றாள். ஃபிரெடெரிக்கின் கை அவர் சம்மதிக்கும் முன்பே நீண்டுவிட்டது. குலுக்கினார்கள்.

தட்டுவண்டியில் அலமாரிகள் போவதைப் பார்த்த சவியே பேயடித்தவர்போல் நின்றார். சந்தை வழக்கம் அவருக்கும் தெரியும், குலுக்கிய கை குலுக்கிய கைதான். ஆத்திரத்தில், என் சாமான் இல்லாமல் நான் எங்கேயும் வரமாட்டேன் என்று அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "வர வேண்டாம்," என்றாள் ழுலியேத். ரீலையும் இரண்டு பாஸ்போர்ட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். திருவேட்டக்குடி தாண்டுவதற்குள் நரம்பு தீர்ந்தது. ஒரு சுண்டு சுண்டியது. மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற அமுதம், சவியே காரின் பின்னால் ஆள் உயரத்துக்கு மேலே போனதையும், அவர் கையில் தாழ்ப்பாள் இருந்ததையும் பார்த்தாள்.

சென்னையில் பையைச் சோதித்தவர்கள் ரீலைப் பார்த்துப் பழைய சாமான் என்று விட்டுவிட்டார்கள். விமானத்துக்குப் பின்னால் சவியே கடல் தாண்டினார், மலை தாண்டினார். அவருக்கென்று வாங்கிய இருக்கை காலியாகப் போனது. ழுலியேத் அதில் ஊறுகாய் பாட்டிலை வைத்துக்கொண்டாள். தூலூஸில் பாஸ்போர்ட் பார்த்தவர், ஆகாய மார்க்கமாகத்தானே வந்திருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மேகத்தில் நனைந்த சட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போன சவியேயின் கையில், பிறந்து ஒரு மணி நேரமான பேத்தியைக் கொடுத்தார்கள். குழந்தை முழுசாக, சூடாக, கத்திக்கொண்டிருந்தது. லொரேன் அப்பாவின் ஈரமான கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அலமாரிகளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று ழுலியேத் காத்திருந்தாள். "போன தடவையே வந்திருக்கணும்," என்றார் சவியே.

அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கோவில்பத்தில் ஃபிரெடெரிக்கின் வீடு தூண்டில் சாமான்களால் நிரம்பி நடக்க இடமில்லை, அவருடைய வலது கை மட்டும் எந்நேரமும் காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தூலூஸில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய சாமான் சந்தை கூடுகிறது. சவியே காலையிலேயே போய்விடுகிறார். ழுலியேத் தடுப்பதில்லை. மதியம் பேத்தி தாத்தாவைத் தேடி அழ ஆரம்பித்ததும் ரசத்தை இறக்கிவைத்துவிட்டு, ரீலின் கைப்பிடியைச் சுற்றுகிறாள். அவர் வந்து இறங்குகிறார், செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார்.