வாசலில் நிற்கும் உறுப்பினர்

முகம்மது ஹனீப் இறந்த பிறகு ராசிபுரத்தில் தன் வீட்டு வாசலிலேயே ஏழு வருடம் நின்றார். வெயிலானாலும் மழையானாலும் அதே இடம்தான். பால்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு போவார். ஊருக்குப் புதிதான கூரியர்காரர் ஒருமுறை அவரிடமே கையெழுத்துக் கேட்டுவிட்டார். மனைவி அஜீஸுன்னிசா எத்தனை கெஞ்சியும் ஹனீப் உள்ளே வரவில்லை. "தலைவர் கூப்பிடாம எப்படி வர்றது?" என்பார்.

தலைவர் என்றால் வெண்ணந்தூர் சென்னியப்பன். ஆறு முறை சட்டமன்ற உறுப்பினர், அதில் இரண்டு முறை பேரவைத் தலைவர். போட்ட உத்தரவை ஒருநாளும் திரும்பப் பெறாதவர் என்று ஜில்லா முழுக்கப் பேர். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஹனீப் எதிர்க்கட்சி உறுப்பினர். ஆனாலும் சேலம் ரயிலில் இருவரும் ஒரே பெட்டியில் போய் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டவர்கள். ஒருநாள் அவையில் ஹனீப் ஏரிக்குத் தண்ணீர் கேட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். "நேரம் முடிந்தது, உட்காருங்கள்" என்றார் சென்னியப்பன். ஹனீப் உட்காரவில்லை. "நான் அழைக்கும்வரை உள்ளே வரக்கூடாது" என்று சொல்லி, சென்னியப்பன் அவரைக் காவலர்களை விட்டுத் தூக்கி வெளியேற்றினார். அன்று ஊர் திரும்பும்போது ஜோலார்பேட்டை தாண்டியதும் ரயிலிலேயே ஹனீபின் மூச்சு நின்றது. அடுத்த தேர்தலில் சென்னியப்பன் தோற்றார். ஹனீப் நிற்கும் சேதி தெரிந்ததிலிருந்து அவருக்கு ராசிபுரம் என்றாலே பயம். நாமக்கல் போவதென்றாலும் சுற்றுவழிதான். அவர் கையில் எடுத்த டம்ளரில் தண்ணீர் வாய்க்குப் போவதற்குள் பாதி வற்றிப்போகும். மனைவி காளியாத்தாள் மறுபடி ஊற்றுவார்.

கடைசியில் அஜீஸுன்னிசாவே வெண்ணந்தூருக்கு வந்தார்.

"அண்ணா, எனக்கும் வயசாச்சுங்க. நான் கண்ண மூடறதுக்குள்ள அவரு ஊட்டுக்குள்ள வரோணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் இப்பத் தலைவர் இல்லீங்கம்மா. எம்பேச்சுக்கு யாரு மதிப்புக் குடுக்கறா?"

"அவரு குடுக்கறாருங்களே."

சென்னியப்பன் அழுதுவிட்டார். அன்றைக்கே சலவை வேட்டி துண்டோடு ராசிபுரம் போனார். காவலர்கள் பிடித்திழுத்துக் கசக்கிய அதே சட்டையோடு ஹனீப் நின்றிருந்தார். "மாண்புமிகு உறுப்பினர் மீதான உத்தரவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று தொடங்கியவர் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "உள்ள வாங்க, பாய்."

அவைக்குள் நுழைகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் ஹனீப் அவருக்குத் தலை வணங்கிவிட்டு வீட்டுக்குள் போனார். போய் உட்கார்ந்தவர் உடனே எழுந்து, ஏரிக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சென்னியப்பன் டவுன் பஸ் பிடித்துப் போய் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். ஏரி இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. அவர் டம்ளரும் வற்றத்தான் செய்கிறது. அஜீஸுன்னிசா மறுபடி ஊற்றுகிறார். நேரம் முடிந்தது என்று சென்னியப்பன் இதுவரை சொல்லவில்லை.